இல்லமும் இயந்திரமும்: மதர்போர்டு வாங்கும் முறை

பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் நம்மவர் இல்லங்களில் ஒரு கோரிக்கை எழுகிறது. முன்பு மிதிவண்டி கேட்ட வயதில் இன்றைய பிள்ளைகள் கம்ப்யூட்டர் கேட்கிறார்கள். அதுவும் கடையில் கட்டி வைத்தது வேண்டாம். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டிக் கொள்ள வேண்டும், பிறகு ஓவர்கிளாக் செய்ய வேண்டும் என்கிறார்கள். டில்லி நேரு பிளேஸிலோ, மும்பை லாமிங்டன் சாலையிலோ, பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ மகனோடும் மகளோடும் போய் நிற்கும் தகப்பனாருக்குத் திகைப்பு உண்டாவது மதர்போர்டின் விலையைக் கேட்கும்போதுதான். ஒரே பிராசஸரை ஏற்கும் இரண்டு பலகைகளில் ஒன்றின் விலை மற்றதைப்போல மூன்று மடங்காக இருக்கிறது. இந்த வித்தியாசம் எதற்காக? எதுவரை கொடுப்பது நியாயம்? இத்திங்களில் இதை ஆராய்வோம்.

தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் பிராசஸரை ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங். இக்கலை புகழ் பெற்றது சிக்கனத்தால்தான். 1998-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்னும் மலிவான பிராசஸரை வெளியிட்டது. பலகை தரும் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். அதைப் பெருக்கும் எண் நாலரை. ஆகவே வேகம் 300. ஆனால் 440பிஎக்ஸ் சிப்செட் அமைந்த பலகையில் அத்துடிப்பை 100 ஆக்கினால், பெரும்பாலான பிராசஸர்கள் 450 மெகாஹெர்ட்ஸில் தடையின்றி ஓடின. அவ்வேகத்துக்கு விற்ற பென்டியம் 2 பல மடங்கு விலை. ஏழை மாணவன் செல்வன் வீட்டு இயந்திரத்தை எட்டிப் பிடித்தான் என்பதே இக்கலையின் பெருமை.

இன்று நிலைமை வேறு. இக்காலத்துப் பிராசஸர் தன் சூட்டையும் மின்செலவையும் தானே அளந்து, இடமிருக்கும்வரை தன் வேகத்தைத் தானே உயர்த்திக் கொள்கிறது. நாம் கைவைத்துப் பெறுவது பெரும்பாலும் சில சதவீதமே. ஐம்பது சதவீதம் கிடைத்த நாளில் நல்ல பலகைக்குக் கூடுதலாகக் கொடுத்தது லாபம். ஐந்து சதவீதத்துக்காக இரட்டிப்பு விலை கொடுப்பது நஷ்டம். கடைப்படி ஏறுமுன் இக்கணக்கைப் பிள்ளைகளோடு அமர்ந்து போட்டுக் கொள்வது நலம்.

இனி, பலகையில் பார்க்க வேண்டியவை எவை? முதலாவது, அனுமதி. எல்லாப் பலகைகளும் ஓவர்கிளாக்கிங்குக்கு இடம் தருவன அல்ல. இன்டெல் வகையில் பெயரின் இறுதியில் ‘கே’ எழுத்துக் கொண்ட பிராசஸரும், இசட்790, இசட்890 போன்ற ‘இசட்’ வரிசைச் சிப்செட்டும் இரண்டும் சேர்ந்தால்தான் முறைப்படி வழி திறக்கும். பி760 பலகையில் நினைவகத்தின் வேகத்தைக் கூட்டலாம். பிராசஸரின் பெருக்கெண்ணைக் கூட்ட இயலாது. ஏஎம்டி வகையில் வழி தாராளம். ரைசன் பிராசஸர்கள் பெரும்பாலும் பூட்டில்லாதவை. பி650, பி850 முதலிய நடுத்தரப் பலகைகளே போதும். ஆனால் ஏ620, பி840 ஆகியவற்றில் பிராசஸர் ஓவர்கிளாக்கிங் இல்லை. பி840-க்கும் பி850-க்கும் எண்ணில் பத்தே வேற்றுமை. பயனில் வேற்றுமை பெரிது. பெட்டியின்மீது எழுதியதைக் கண்ணாரப் படித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம் தரும் பகுதி. இதுவே பலகையின் உயிர்நிலை. பவர் சப்ளை தரும் 12 வோல்ட் மின்சாரத்தைப் பிராசஸருக்கு வேண்டிய ஏறத்தாழ 1.2 வோல்ட்டாக இறக்கித் தருவது இதன் வேலை. நம் வீட்டு 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் இழுப்பது நாலரை ஆம்பியருக்கும் குறைவு. ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸருக்கு நிர்ணயித்த உச்ச அளவு 142 வாட்தான். ஆயினும் அழுத்தம் மிகக் குறைவாதலால் ஏறக்குறைய நூறு ஆம்பியர் ஓட வேண்டியிருக்கிறது. பிராசஸரின் குழியைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறு சிறு மாஸ்ஃபெட்டுகள் இச்சுமையைப் பங்கிட்டுக் கொள்கின்றன. எட்டுப் பங்காளிகள் இருந்தால் ஆளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆம்பியர். ஒவ்வொன்றும் 50 அல்லது 60 ஆம்பியர் தாங்கக் கூடியதென்றால், ஆறு அல்லது எட்டு கோர் கொண்ட பிராசஸருக்கு அது தாராளமாகப் போதும். இன்டெல் கோர் ஐ9-13900கே போல 253 வாட் வரை செல்லும் பிராசஸருக்கே பெரிய பட்டாளம் தேவை.

பெட்டியில் 14, 16 என்று பெரிய எழுத்தில் போடும் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். அதில் பிராசஸரின் பிற பகுதிகளுக்கு உரியவையும் சேர்ந்திருக்கும்; இரட்டை இரட்டையாக இணைத்து எண்ணியதும் உண்டு. அவற்றின்மீது கனத்த அலுமினியக் கவசம் அமர்ந்திருக்கிறதா என்று நோக்குவதே முக்கியம். கவசமில்லாத மலிவுப் பலகையில் விலையுயர்ந்த பிராசஸரைப் பொருத்தினால், மாஸ்ஃபெட்டுகள் மிகுந்த சூடேறும்போது பலகையே பிராசஸரின் வேகத்தைக் குறைத்து விடும். வேகத்துக்குக் கொடுத்த பணம் வீணாகும்.

மூன்றாவது, ஆபத்தில் உதவும் வசதிகள். பிராசஸரும் நினைவகமும் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான், அமைப்புகளை அழித்துப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி, கோளாறு எங்கே என்று காட்டும் சிறு விளக்குகள் ஆகியவற்றுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும். வண்ண விளக்கு, கண்ணாடி மேற்பரப்பு, பயன்படுத்தப் போகாத இணைப்புத் துளைகள் ஆகியவற்றுக்குக் கொடுப்பது அலங்காரச் செலவு. அப்பணத்தைக் கிராபிக்ஸ் கார்டிலோ, நல்ல பவர் சப்ளையிலோ போட்டால் பிள்ளை நாள்தோறும் பலன் காண்பான். பலகையின் விலை பிராசஸரின் விலையைத் தாண்டுமானால் ஒரு முறை நின்று யோசிப்பது நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க. குளிர் நாட்டு ஆய்வுக்கூடங்களில் அளந்த கணக்கை நம் ஊர்களுக்கு அப்படியே கொண்டு வரலாகாது. 25 டிகிரி அறையில் 85 டிகிரி காட்டும் பிராசஸர், மே மாதத்து டில்லியிலோ நாக்பூரிலோ 40 டிகிரி அறையில் 100 டிகிரியை நாடும். ரைசன் 7000 வரிசைக்கு எல்லையே 95 டிகிரி. மேலும், வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்துப் பத்துச் சதவீதம் கூட்டினால் மின்செலவு ஏறக்குறைய 33 சதவீதம் கூடுகிறது. அவ்வளவும் வெப்பமாக அறைக்குள் இறங்குகிறது. ஆகவே, குளிர்சாதனம் இல்லாத இல்லங்களில் மின்னழுத்தத்தைக் கூட்டுவதைவிடச் சிறிது குறைத்து, அதே வேகத்தைக் குறைந்த சூட்டில் பெறும் முறையே உகந்தது. நடுத்தரமான ஏஎம்டி பலகைகளிலும் இவ்வசதி உண்டு.

எச்சரிக்கையும் அவசியம். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில எரிந்து போனதன் பின்னர், ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாமல் தடுக்கும் பயாஸ் வெளியிடப்பட்டது. 2024-இல் இன்டெல் நிறுவனம் தன் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்களில் மிகை மின்னழுத்தத்தால் நேர்ந்த கோளாற்றை ஒப்புக்கொண்டு, திருத்தம் வழங்கியதோடு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. எனவே பலகை வாங்கியதும் முதல் வேலை பயாஸைப் புதுப்பிப்பது. மின்வெட்டு நேரக்கூடிய வேளையில், யுபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யலாகாது. ஓவர்கிளாக்கிங்கால் விளையும் சேதத்துக்குப் பிராசஸர் உத்தரவாதம் பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. நம் இல்லங்கள் பலவற்றில் கம்ப்யூட்டர் ஒன்றே. பிள்ளை விளையாடும் அதே இயந்திரத்தில்தான் அக்காளின் ஆராய்ச்சிக் கட்டுரையும், தந்தையின் வருமான வரிக் கணக்கும், ஊரிலிருக்கும் பாட்டியின் புகைப்படங்களும் இருக்கின்றன. தகாத வேகத்தில் ஓடும் நினைவகம் எப்போதும் இயந்திரத்தை நிறுத்திக் காட்டுவதில்லை. ஓசையின்றிக் கோப்புகளைச் சிதைப்பதும் உண்டு. ஆகவே வேகத்தைத் தொடுமுன் முக்கியக் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வைக்கட்டும். தொட்ட பின் மெம்டெஸ்ட்86, பிரைம்95 போன்ற சோதனைகளை ஓர் இரவு முழுவதும் ஓட விடட்டும். பிழை ஒன்று வந்தாலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும்.

மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் நம்மவர்க்கு இன்னும் இரண்டு குறிப்புகள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்க வேண்டாம். அந்நிறுவனத்தின் சேவை நிலையம் வேறு நகரங்களிலும் உண்டா என்று விசாரித்து வாங்கவும். சாமான் கட்டும்போது கனத்த கூலரையும் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றித் தனியே வைக்கவும். வண்டிக் குலுக்கலில் பலகை விரிசல் காண்பதைத் தவிர்க்கலாம். பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக் கொள்ள நினைப்போர்க்கு ஏஎம்5 குழி ஏற்றது. 2027-க்கு அப்பாலும் அதற்கு ஆதரவு தொடரும் என ஏஎம்டி 2024-இல் அறிவித்துள்ளது.

நல்ல கவசமுடைய பி650 அல்லது பி850 பலகை ஒன்று, ஆறு அல்லது எட்டு கோர் ரைசன் ஒன்று, இரண்டு பட்டைகளாக டிடிஆர்5-6000 நினைவகம்: பெரும்பாலான இல்லங்களுக்கு இது நிறைவு தரும். மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பங்கு போக வேண்டிய பவர் சப்ளையைப் பற்றி அடுத்த திங்களில் எழுதுவோம்.