நான்கு தீவுகள் வேண்டுமா?

வெளிநாட்டுப் பயணத்திற்காக அந்நியச் செலாவணி கேட்டு எங்கள் மேசைக்கு வருவோர் இப்போதெல்லாம் நாணய மதிப்பை விசாரிக்கும் முன்னரே, “அங்கே போகலாமா, பாதுகாப்புதானா?” என்று கேட்கின்றனர். 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் மோதிக்கொண்ட பின் இக்கேள்வி வலுத்துள்ளது. கேள்வி நியாயமானதே, எனினும் அச்சப்பட வேண்டிய இடம் வேறு என்பது எங்கள் கருத்து.

புக்கெட்டும் கிராபியும் அம்மோதல் நடந்த எல்லையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலோரம் இருக்கின்றன. கோ சாங் தீவின் நிலை வேறு. அது கம்போடியாவை ஒட்டிய திராட் மாகாணத்தைச் சேர்ந்தது. அம்மாகாணத்தின் சில பகுதிகளில் அப்போது இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. ஆகவே நாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, எந்தக் கடற்கரை, எந்த மாதம் என்று கேட்பதே பயன் தரும்.

மாதம் என்பது சிறிய செய்தியன்று. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று புக்கெட் பக்கத்துக் கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. வளைகுடாப் பக்கமுள்ள கோ சாமுய் தீவிலோ அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் பெருமழை. பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். டிசம்பர் விடுமுறையில் இம்மூன்றையும் ஒரே பயணத்தில் கோப்பவருக்குப் புக்கெட்டில் வெயிலும் மற்ற இரண்டில் குடையும் காத்திருக்கும்.

2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே ‘ஃபீனிக்ஸ்’ என்னும் சுற்றுலாப் படகு புயற்காற்றில் மூழ்கி 47 சீனப் பயணிகள் உயிரிழந்தனர். கடல் சீற்றம் பற்றிய எச்சரிக்கை இருந்தும் படகு புறப்பட்டிருந்தது. படகுக்காரரைக் குறை கூறுவது எளிது. ஆனால் பத்து நாளில் நான்கு தீவுகள் என்று திட்டமிட்டு, ஒவ்வோர் அறைக்கும் திரும்பப் பெற இயலாத கட்டணத்தை முன்னரே செலுத்திவிட்ட குடும்பம், “இன்று கடல் சரியில்லை, நாளை போவோம்” என்று எப்படிச் சொல்லும்? நாளைய அறை வேறு தீவில் அல்லவா இருக்கிறது! நெருக்கமான திட்டமே நம்மைப் படகில் ஏற்றிவிடுகிறது. பத்து நாளுக்கு இரண்டு இடங்கள் போதும். இடையில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் விட வேண்டும். ரத்து செய்யத்தக்க அறைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலுத்துவதை வீண்செலவு என்று நாங்கள் எண்ணுவதில்லை.

தரையிலும் ஆபத்து உண்டு. தீவுகளில் ஸ்கூட்டர் எளிதில் வாடகைக்குக் கிடைக்கிறது. உரிமத்தைக் கேட்காத கடைகளும் உள்ளன. ஆனால் உரிய உரிமமின்றி ஓட்டி நேரும் காயத்திற்குப் பல பயணக் காப்பீடுகள் இழப்பீடு தருவதில்லை. ஊரில் கார் ஓட்டும் உரிமம் மட்டுமே உள்ளவர் அங்கே இருசக்கர வாகனத்தைத் தொடாதிருப்பதே நலம். மற்றவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்றுச் செல்லலாம். சில கடைகள் கடவுச்சீட்டையே பிணையாகக் கேட்கும். கடனைவிடப் பன்மடங்கு மதிப்புள்ள பொருளைப் பிணை வைக்க எந்த வங்கியரும் யோசனை கூறமாட்டார்!

மலிவான கலப்பு மதுவும் விலக்கத்தக்கது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டவர் இறந்தனர்.

பணத்தைப் பொறுத்தவரை, புறப்படும் முன் அட்டையின் பன்னாட்டுப் பயன்பாட்டைத் தாமே இயக்கி, வரம்பையும் குறைத்து வைத்தல் வேண்டும். இரண்டு அட்டைகளை ஒரே பணப்பையில் வைத்தால் இரண்டு இருந்தும் பயனில்லை. கடையிலுள்ள இயந்திரம் ரூபாயிலா, உள்நாட்டு நாணயத்திலா என்று கேட்டால் உள்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்த் தொகை பார்வைக்கு வசதியாகத் தோன்றினும், மாற்று விகிதத்தில் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். காப்பீட்டுப் பத்திரத்தில் செல்லும் நாடுகள் அனைத்தும் அடங்கியுள்ளனவா என்பதையும் பாருங்கள்.

தனித்தனியே வாங்கிய விமானச் சீட்டுகளில் முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. எனவே கடைசி இரவைத் தீவில் கழிக்காமல், தாயகம் திரும்பும் விமானம் புறப்படும் நகரிலேயே தங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.