வீட்டை விற்காதீர்கள்: காலிக் கோட்டை தரும் வியாபாரப் பாடம்

பூமியில் பயணம் செய்து, முன்னர் வாழ்ந்தோரின் முடிவு எப்படி இருந்தது என்று பார்க்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் மனிதனைத் தூண்டுகிறது. குறைஷிகளின் மாரிகாலப் பயணமும் கோடைகாலப் பயணமும் ஒரு சூராவிலேயே பேசப்படுகின்றன. ஆகவே பயணமும் வியாபாரமும் எமக்குப் புதியவை அல்ல. அப்படியிருந்தும் உல்லாசப் பயணத்துறை என்றதும் எமது வியாபாரிகள் பலர், "அது எங்களுக்குச் சரிவராது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒதுங்குவதால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று கணக்குப் பார்க்க வேண்டிய காலம் இது. அந்தக் கணக்கைப் பார்ப்பதற்குத் தெற்கே உள்ள காலிக் கோட்டையைவிட நல்ல இடம் இலங்கையில் இல்லை.

போர்த்துக்கேயர் தொடங்கிய காலிக் கோட்டையை 1640 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, இன்று நாம் காணும் பெரும் மதில்களை எழுப்பினார்கள். 1796 இல் அது ஆங்கிலேயர் வசமானது. 1988 இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1669 என்று ஆண்டு பொறித்த ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், 1755 இல் கட்டப்பட்ட தேவாலயம், 1939 இல் எழுந்த வெளிச்சவீடு, அதற்கு எதிரே தூரத்துப் பார்வைக்குத் தேவாலயம் போலவே தோன்றும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் ஆகிய எல்லாவற்றையும் அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

இந்த ஊரோடு எமது தொடர்பு ஐரோப்பியருக்கு முந்தியது. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா காலியையும் கண்டு சென்றார். அங்கே இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் ஒருவர் அவரை உபசரித்தார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல்வெட்டும் காலியில்தான் கிடைத்தது. செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் இருக்கின்றன. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகள் பேசப்படுகின்றன. வியாபாரம் செய்ய வருபவன் எல்லா மக்களையும் மதித்தே வர வேண்டும் என்பதை அந்தக் காலத்து மனிதர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் 1911 இல் கண்டெடுக்கப்பட்டபோது அந்தக் கல் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. வாசிக்கத் தெரிந்தவர் கண்ணில் பட்ட பிறகே அது கொழும்பு நூதனசாலைக்குப் போனது.

காலியின் வீடுகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 1880களில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கி கட்டி முடிந்ததும் பெரிய கப்பல்கள் காலியைக் கைவிட்டன. ஊரின் வியாபாரம் படுத்தது. புதிய கட்டடம் எழுப்ப வசதி இல்லாததால் பழைய ஒல்லாந்த வீடுகள் அப்படியே நின்றன. அவற்றில் கணிசமானவை முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள். மாணிக்கக்கல் வியாபாரம், சில்லறைக் கடை என்று அவர்கள் காலத்தை ஓட்டினார்கள். அந்த வீடுகளுக்குப் பெரிய பெறுமதி இருப்பதாக அப்போது யாரும் நினைக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. வெளிநாட்டவர் காணி வாங்கும்போது கட்ட வேண்டியிருந்த 100 வீத வரி 2002 இல் நீக்கப்பட்டது. 2004 இல் அது மீண்டும் வந்தது. இந்த இடைவெளியில் கோட்டை வீடுகளுக்குக் கேள்வி ஏறியது. வெளிநாட்டவரும் கொழும்புப் பணக்காரரும் வீடுகளை வாங்கித் தங்குவிடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாற்றினார்கள். வெளிநாட்டவர் சொந்தமாகக் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2014 இல் வந்தபோது நல்ல இடங்கள் பல கைமாறிவிட்டன.

விற்றவர்களை நான் குறைகூறமாட்டேன். வாப்பா மௌத்தானதும் வாரிசுகள் ஏழெட்டுப் பேர் பங்கு கேட்பார்கள். மகளுக்குக் கலியாணம் வரும். பழைய ஓட்டுக் கூரையைத் திருத்த இலட்சக்கணக்கில் செலவாகும். தொல்பொருள் திணைக்கள அனுமதியில்லாமல் ஒரு சுவரைக்கூட இடிக்க முடியாது. இத்தனை நெருக்கடிக்குள் ஒருவர் வந்து நல்ல விலை சொன்னால் யார்தான் விற்கமாட்டார்கள்? ஆனாலும் வியாபாரி கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும். விற்றவருக்குப் பணம் ஒருமுறை வந்தது. அது பங்காகிப் பிரிந்து, வேறு ஊரில் வீடாகவும் வாகனமாகவும் கரைந்தது. விற்காமல் முன்னறையைக் கடையாக்கி, மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டவருக்கு வருமானம் தொடர்ந்து வருகிறது. வீடும் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்கிறது.

இதை வடக்கில் இருப்பவர்கள் ஏன் கேட்க வேண்டும்? காலிக்கு இருபது வருடங்களுக்கு முன்னர் வந்த நிலை இப்போது யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. 2014 இல் ரயில் திரும்பவும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. நல்லூர், கோட்டை, பொது நூலகம், நயினாதீவு, நெடுந்தீவு, கீரிமலை என்று பார்க்க இடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வந்தவர்கள் எங்கே செலவழிக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் நிலாவரைக் கிணற்றைப் பார்க்க, புத்தூர்ப் பக்கமாகப் போகும் வான்கள் எங்கள் நீர்வேலியால் ஓடுகின்றன. நீர்வேலி வாழைப்பழத்துக்குப் பெயர்போன ஊர். அந்த வான்களை நிறுத்தி ஒரு சீப்புப் பழம் வாங்க வைக்க எம்மில் யாரும் ஒழுங்காக முயலவில்லை. பயணி கொழும்பிலிருந்து வந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. காலிக் கோட்டைக்குள் மக்கள் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் குடிகள் இல்லை. மதிலைப் பார்த்தவர் அரை மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடுவார். அவரை ஊரில் ஓரிரவு தங்க வைப்பது சுற்றியுள்ள பழைய தெருக்களால்தான் முடியும். அந்தத் தெருக்களில் ஒன்று சோனகத் தெரு.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி அந்தத் தெரு வெறுமையானது. இரும்புக் கடை, தையல் கடை, லொறி என்று உழைத்த மக்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் வேரூன்றிவிட்டார்கள். இங்கே கூரையில்லாத சுவர்களும் புதர் மண்டிய வளவுகளும் மிஞ்சின. அவற்றை விற்றவர்கள் இருக்கிறார்கள். விற்க யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: விலை பேசுவதற்கு முன் ஒருமுறை காலிக்குப் போய்வாருங்கள். தேவையென்றால் குறித்த ஆண்டுகளுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள், உறுதி மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். வாரிசுகள் பலரென்றால் வளவைத் துண்டு போடாமல், பங்கின்படி வாடகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி, எமது சகோதரர்கள் சொல்லும் தடைகள். முதலாவது, உல்லாசப் பயணம் என்றால் மதுவும் ஒழுக்கக்கேடும் என்பது. மது விற்காத விடுதியும் விடுதிதான். மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகின்ற முஸ்லிம் பயணி முதலில் கேட்பது ஹலால் சாப்பாட்டையும் தொழுவதற்கு இடத்தையும்தான். குடும்பத்தோடு வரும் இந்துச் சகோதரர்களும் சுத்தமான, அமைதியான இடத்தையே தேடுகிறார்கள். நாம் ஒதுங்கினால் மது நின்றுவிடப் போவதில்லை; இடம்தான் அடுத்தவருக்குப் போகும்.

இரண்டாவது தடை, இது நிலையற்ற தொழில் என்பது. அது உண்மை. 2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், கொரோனா என்று அடுத்தடுத்து வந்து, 2021 இல் அந்தத் தொகை 2 இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆகவே வட்டிக்குக் கடன் எடுத்து மாடி மாடியாகக் கட்டுபவர் அடுத்த அடியில் விழுந்துவிடுவார். வட்டி ஹராம் என்பது ஒருபுறமிருக்க, இந்தத் தொழிலில் அது முட்டாள்தனமும்கூட. இருக்கும் வீட்டில் இரண்டு அறைகளைத் திருத்துங்கள். பணம் போதாவிட்டால் இலாபத்திலும் நட்டத்திலும் பங்கெடுக்கும் கூட்டாளியைத் தேடுங்கள். இருக்கும் கடையை மூடாமல், இதை ஒரு பக்க வருமானமாக வைத்திருங்கள்.

மூன்றாவதாக, எமது சரித்திரத்தைச் சொல்லப் பழக வேண்டும். நயினாதீவில் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்காவற்றுறைக்கு வரும் வெளிநாட்டு வியாபாரிகளைப் பாதுகாக்க வேண்டும், யானை குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு மட்டும் அரசுக்கு, மற்றச் சரக்கென்றால் சரிபாதி என்று அது சொல்கிறது. 12 ஆம் நூற்றாண்டின் வியாபாரச் சட்டம் அது! புத்தளத்தில் இப்னு பதூதாவை வரவேற்று, அவரோடு பாரசீகம் விளங்கிப் பேசியவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. இவற்றை ஒரு பலகையில் எழுதிக் கடை வாசலில் வைக்க என்ன செலவாகும்? கதை தெரிந்த கடைக்காரரிடம் பயணி பத்து நிமிடம் கூட நிற்பார். நின்றவர் ஏதாவது வாங்குவார்.

மதகுக்கு மூடியாகக் கிடந்த கல்லின் பெறுமதி, அதை வாசிக்கத் தெரிந்தவர் வந்த பிறகுதான் தெரிந்தது. எமது வளவுகளின் பெறுமதியை வாங்க வருபவர் நன்றாகவே வாசித்து வைத்திருக்கிறார். விற்கப் போகும் நாமும் அதை வாசித்துவிட்டு முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.