ஒரே மொழி, வேறு வகுப்பறை

இன்றைய பதிவில் சற்றுத் தொலைவான ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, ஒரே ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத் திரும்பும் வழக்கம் பற்றியது அது. நம் நாட்டுப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போனால் பெரும்பாலும் முழுப் பட்டத்துக்காகவே போகிறார்கள். கொழும்புத் திட்டக் காலந்தொட்டு நாம் அறிந்த வழி அது. அமெரிக்க மாணவர் போவதோ ஐந்து மாதத்துக்கு. போய் வந்தவரைக் கேட்டால் கடலையும் கங்காருவையும் பற்றித்தான் முதலில் சொல்வார். இது படிப்பா, சுற்றுலாவா என்று கேட்போர் அமெரிக்காவிலேயே உண்டு. என்னைக் கேட்டால் அது படிப்புதான், நல்ல படிப்பும்கூட. ஆனால் அந்தப் படிப்பு மாணவரைச் சென்று சேராதபடி, அனுப்பிவைக்கும் கல்லூரிகளே தடுத்துவிடுகின்றன என்பது என் கருத்து.

வெளிநாட்டில் ஒரு பகுதிப் படிப்பை முடிக்கும் இவ்வழக்கத்துக்கு நூறாண்டு ஆகிவிட்டது. 1923-ஆம் ஆண்டு டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பியது. பிரெஞ்சு மொழியைப் பிரான்சிலேயே கற்கட்டும் என்பது நோக்கம். பின்னாளில் ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி என்று அது விரிந்தபோதும் மொழிக்கு அதில் பெரிய இடம் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கும் ஆங்கிலம், இங்கும் ஆங்கிலம். மொழி தெரியும், ஆகவே சிக்கல் ஏதுமில்லை என்ற எண்ணத்தோடுதான் மாணவர்களும் பெட்டியைக் கட்டுகிறார்கள்.

ஓஹியோ மாநிலத்தில் ஒரு சிறு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் இருபது வயது மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். பிப்ரவரி மாதம். ஊரில் பனி. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சிட்னிக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் பறக்கிறாள். பன்னாட்டுத் தேதிக் கோட்டைக் கடப்பதால் நாட்காட்டியில் ஒரு நாள் காணாமற் போகிறது. இறங்கினால் கோடைக்காலத்தின் கடைசி வெயில். அவள் ஊரில் 21 வயதாகும்வரை மது வாங்க இயலாது. இங்கே 18 ஆனாலே போதும். பெற்றோரின் கவலை பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் நான் எழுத வந்தது அதுவன்று.

முதல் வாரத்தில் சொற்கள் தடுமாறச் செய்யும். பிற்பகலுக்கு 'ஆர்வோ' என்பார்கள். 'காலேஜ்' என்றால் அங்கே பல்கலைக்கழக மாணவர் தங்கும் விடுதியையும் குறிக்கும். இவையெல்லாம் பத்து நாளில் பழகிவிடும் வேடிக்கைகள். வகுப்பறைதான் அவ்வளவு விரைவில் பழகாது.

அமெரிக்கக் கல்லூரியில் வாரந்தோறும் ஏதேனும் ஒன்று மதிப்பெண்ணுக்கு வரும். சிறு தேர்வு, வீட்டுப்பாடம், இடைத்தேர்வு, வகுப்பில் வாய் திறந்து பேசியதற்கும் சில மதிப்பெண் என்று துளித்துளியாகச் சேரும். ஒரு வாரம் பின்தங்கினால் மறுவாரம் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு மொத்தமே இரண்டு மூன்று மதிப்பீடுகள்தாம் பல இடங்களில் உண்டு. ஒரு கட்டுரைக்கு 40, இறுதித் தேர்வுக்கு 50 என்றுகூட அமையும். பெரிய மண்டபத்தில் விரிவுரை. பிறகு சிறு குழுவாக அமர்ந்து பேசும் டியூட்டோரியல் வகுப்பு. வாசிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் முதல் வாரமே கையில் வந்துவிடும். வாசித்தாயா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இந்த மௌனத்தை அவள் 'வேலை குறைவு' என்று புரிந்துகொள்கிறாள். ஊருக்கு அழைத்து, "இங்கே படிப்பு எளிது" என்று மகிழ்ச்சியோடு சொல்லவும் செய்கிறாள்.

விரிவுரையாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமும் இந்த மயக்கத்தை வளர்க்கிறது. அமெரிக்காவில் கற்பிக்கும் எவரையும் 'புரொபெசர்' என்றழைத்துப் பழகியவள் அவள். ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் என்பது மிக உயர்ந்த பதவியில் இருப்பவருக்கு மட்டுமே உரியது. எனினும் அவரையே மாணவர்கள் முதற்பெயரால் கூப்பிடுவார்கள். (நம் பள்ளியில் ஒரு பிள்ளை என்னை அப்படி அழைத்தால் என்ன செய்வேன் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.) இவ்வளவு நெருக்கமாகப் பழகுகிறவர் மதிப்பெண்ணிலும் தாராளமாக இருப்பார் என்று அவள் நம்பினால், வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஏப்ரலில் முதல் கட்டுரை திரும்பி வருகிறது. 68.

அவள் வாழ்க்கையில் 68 என்பது அழவேண்டிய எண். அமெரிக்காவில் 90-க்கு மேல் 'ஏ', 60-க்குக் கீழே தோல்வி என்பது பெருவழக்கு. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் அளவுகோலிலோ 50 எடுத்தால் தேர்ச்சி, 65-லிருந்து 'கிரெடிட்', 75-லிருந்து 'டிஸ்டிங்ஷன்', 85-லிருந்து 'ஹை டிஸ்டிங்ஷன்'. அதாவது அவள் கட்டுரை நல்ல கட்டுரை. ஓரத்தில் குறிப்புகளும் எழுதப்பட்டுள்ளன: சான்றுகளைத் தொகுத்திருக்கிறாய், உன் வாதம் எங்கே என்று. எனக்கு இங்கேதான் அந்தப் பயணத்தின் பயன் தொடங்குவதாகத் தோன்றுகிறது. ஒரு முறையில் நூறிலிருந்து தொடங்கிப் பிழைக்குப் பிழை கழிக்கிறார்கள். மற்றொரு முறையில் கீழிருந்து தொடங்கி, சொந்தச் சிந்தனை தென்படும் அளவுக்கு ஏற்றுகிறார்கள். பிழையில்லாமல் எழுதிவிட்டால் நூறு என்று பழகிய பிள்ளைக்கு, பிழையின்மைக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது என்று ஓர் எண் சொல்கிறது. நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னும் "எத்தனை ஏ?" என்ற கேள்வி நம் வரவேற்பறைகளை விட்டுப் போகவில்லை. ஆகவே அந்த மாணவியின் கண்ணீர் நமக்குப் புரியாத ஒன்றன்று.

சரி, அந்த 68 அவள் கல்லூரிக்குத் திரும்பிப் போகும்போது என்ன ஆகிறது? பல அமெரிக்கக் கல்லூரிகளில் ஒன்றுமே ஆவதில்லை. வெளிநாட்டில் படித்த பாடம் 'தேர்ச்சி' என்று மட்டும் ஏறும். சராசரி மதிப்பெண் கணக்கில் சேராது. இதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். சிட்னியின் 68-ஐ ஓஹியோவின் 68-ஆக எழுதினால் அநீதி. மதிப்பெண் அச்சமின்றி ஒரு பிள்ளை புதிய பாடத்தைத் தொட்டுப் பார்க்கட்டும் என்பதும் நல்ல எண்ணமே. நானே அதை வேண்டிப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் விடுதலை கொடுத்தவர்கள் அதை எதற்குக் கொடுத்தோம் என்று மாணவருக்குச் சொல்ல வேண்டாமா? சொல்லாதபோது, "50 எடுத்தால் போதும்" என்பதே பாடமாகிவிடுகிறது. மீதி நேரம் கெயின்ஸுக்கும் நியூசிலாந்துக்கும் போய்விடுகிறது.

இன்னொன்று, தோழமை. ஆஸ்திரேலிய மாணவர்களில் பெரும்பாலோர் தம் நகரத்துப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்து, வீட்டிலிருந்து ரயிலிலோ பேருந்திலோ வந்து போகிறவர்கள். பகுதிநேர வேலை செய்வோரும் மிகுதி. அமெரிக்கக் கல்லூரியில் விடுதியே வாழ்க்கை. இங்கே மாலை ஐந்து மணிக்கு வளாகம் வெறிச்சோடும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்காலத் தோழர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஐந்து மாதத்தில் போகப்போகிறவளிடம் நட்புக் கொள்ள அவர்களுக்கு அவசரமில்லை. விளைவு என்ன? ஏற்பாட்டு நிறுவனம் ஒரே கட்டடத்தில் குடியமர்த்திய மற்ற அமெரிக்கர்களோடு சமைத்து, உண்டு, ஊர் சுற்றி, அவர்களோடே திரும்புகிறாள். கடல் கடந்து போய் ஓஹியோவிலேயே இருந்துவிட்டு வருகிறாள். ஏதேனும் ஒரு சங்கத்தில், படகோட்டமோ நாடகமோ மலையேற்றமோ, முதல் இரண்டு வாரத்துக்குள் சேர்ந்துவிட்டால் இது மாறும். அப்படிச் சேர்ந்தாலும் தன் பெருமையைத் தானே பேசாதிருக்கக் கற்க வேண்டும். கூட்டத்தில் உயர்ந்து நிற்கும் செடியின் தலையை வெட்டிவிடுவது அந்நாட்டு இயல்பு என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். வேலை நேர்காணலுக்கென்று தன்னைத் தானே புகழப் பயிற்றப்பட்ட அமெரிக்கப் பிள்ளைக்கு இது கடினமான பயிற்சி.

நான் மிகவும் வருந்துவது வேறொன்றுக்காக. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் கடிகல் மக்களின் நிலத்தில் நிற்கிறது. அந்நாட்டில் கூட்டம் தொடங்குமுன் அந்நிலத்தின் மரபுரிமை மக்களை நினைவுகூர்ந்து சில சொற்கள் சொல்வார்கள். நம் மாணவி முதல் நாள் உற்றுக் கேட்பாள். பத்தாம் முறை கைப்பேசியைப் பார்ப்பாள். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளிடம் யாரேனும் சொன்னார்களா?

1788-இல் ஆங்கிலேயர் குடியேறத் தொடங்கியபோது அக்கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. பின்னர்ப் பல தலைமுறைகளாகப் பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, நிறுவனங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்க்கப்பட்டார்கள். அதற்காக 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2023 அக்டோபரில் பூர்வகுடி மக்களுக்கு அரசியலமைப்பில் ஒரு குரல் வேண்டும் என்ற வாக்கெடுப்பு நடந்தது. ஆறு மாநிலங்களிலும் தோற்றது. இவற்றைக் கேட்டு அந்த மாணவி ஆஸ்திரேலியர்மேல் குறைபட்டுக்கொண்டால் போதாது. அவள் நாட்டில், பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில், 1879-இல் ஓர் உறைவிடப்பள்ளி தொடங்கப்பட்டது. செவ்விந்தியப் பிள்ளைகளின் முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியில் பேசத் தடைவிதித்த பள்ளி அது. அதே வழியில் நாடெங்கும் பள்ளிகள் எழுந்தன. அதற்காக அமெரிக்க அதிபர் ஒருவர் மன்னிப்புக் கேட்டது 2024 அக்டோபரில்தான்.

'அங்கும் ஆங்கிலம், இங்கும் ஆங்கிலம்' என்று மேலே எழுதினேன். எப்படி ஆங்கிலமாயிற்று என்பதை அறிய, அந்த இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அந்த ஐந்து மாதத்தில் அவளுக்குக் கிடைக்கிறது. பிரான்சுக்குப் போனவருக்கு அது கிடைக்காது. தாய்மொழிப் பள்ளியில் வாழ்நாளைக் கழிக்கும் என் போன்றோர்க்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. பூர்வகுடி வரலாறு பற்றிய பாடங்கள் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் உள்ளன. ஒரு பருவத்துக்கு நான்கு பாடம் என்றால், அதில் ஒன்று இதுவாக இருக்கட்டும் என்று அனுப்பும் கல்லூரி கட்டாயப்படுத்தலாம். பவளப்பாறையைக் காணப் போகிற கடலுயிரியல் மாணவிக்கும் இது பொருந்தும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 ஆஸ்திரேலிய வெள்ளியிலிருந்து 1,600-க்கும், 2025 ஜூலையில் 2,000-க்கும் உயர்ந்தது. விமானச் சீட்டும் மருத்துவக் காப்புறுதியும் தனி. வறிய குடும்பத்து மாணவர்க்கென அமெரிக்க அரசு 'கில்மன்' உதவித்தொகை தருகிறது. பொதுவாக 5,000 டாலர் வரை. அப்படியும் பலருக்கு எட்டாது. எட்டாதவர் பலர் இருக்க, எட்டியவர் அதைக் கடற்கரையில் கரைத்துவிட்டு வருவது எனக்கு உறுத்துகிறது.

அந்த மாணவியின் பெற்றோர் என்னிடம் கேட்டால், கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்வேன். என் மகள் உள்ளூர் மாணவரோடு ஒரே விடுதியில் தங்குவாளா, அமெரிக்கருக்கென்றே நடத்தப்படும் வகுப்பில் அமர்வாளா, திரும்பி வந்த பின் அவள் எழுதிய கட்டுரையை உங்களில் யார் வாசிப்பீர்கள் என்று கேட்கட்டும். திரும்பி வந்தோரை அழைத்து விருந்து வைத்து நிழற்படங்களைத் திரையிடும் கல்லூரிகள் உண்டு. அந்த மாலையிலேயே ஒரு பேராசிரியர் அவளருகில் அமர்ந்து, 68 வாங்கிய கட்டுரையை ஓரக்குறிப்புகளோடு ஒரு முறை வாசித்து, "இப்போது எழுதினால் உன் வாதம் எதுவாக இருக்கும்?" என்று கேட்க அரைமணி நேரம் போதும்.