அகில் வளர்ப்பு: நாற்றங்காலிலிருந்து பதிவேடு வரை

அசாமின் கோலாகாட், ஜோர்ஹாட், சிவசாகர் மாவட்டங்களில் அகில் வீட்டுத் தோட்ட மரம்; பாக்கு மரங்களோடு கலந்து வளர்வது. நோயற்ற அகிலின் கட்டை வெளிறியது, மணமற்றது. காயம்பட்ட இடத்தில் பூஞ்சை பரவும்போது மரம் தற்காப்புக்காகச் சுரக்கும் பிசினே அதன் விலையைத் தீர்மானிக்கிறது. அதனால் தண்டில் செலுத்தும் பூஞ்சைக் கரைசல் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் அது பலிப்பதும் பொய்ப்பதும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் பராமரிப்பைப் பொறுத்தது.

அகில் விதை உலர்ந்தால் உயிர் போய்விடும், சேமிப்புக்கு உகந்ததன்று. அசாமில் ஜூன், ஜூலை மாதங்களில் காய் வெடிக்கத் தொடங்கியதும் சேகரித்து, ஒரு வாரத்துக்குள் நிழல்வலையின்கீழ் மணற்பாத்தியில் விதைத்துவிட வேண்டும். நீர் மிகுந்தால் நாற்றழுகல் வரும். இலை விட்ட நாற்றைப் பைக்கு மாற்றி, நடவுக்கு முன் நிழலைப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. பையில் நெடுநாள் கிடந்து வேர் சுருண்ட நாற்றைக் கழித்துவிட வேண்டும்.

நீர் தேங்கும் நிலம் அகிலுக்கு ஆகாது. வடிகாலுள்ள நிலத்தில் சுமார் 3 மீட்டர் இடைவெளி பொருந்தும்; இளங்கன்றுக்குப் பாக்கின் நிழல் துணை. முதன்மைப் பகை ஹியோர்டியா விடெசாய்டிஸ் புழு. கூட்டமாக இலை தின்று மரத்தையே மொட்டையாக்கிவிடும். முட்டைக் குவியல் உள்ள இலைகளைக் கிள்ளி அழிப்பதும், மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் வெளிப்படுமாறு மரத்தடியைக் கொத்திவிடுவதும் எளிய காப்பு. கண்டபடி மருந்து தெளிக்கலாகாது; ஏனெனில் எல்லாப் புழுவும் பகையன்று. தண்டைத் துளைத்துப் பூஞ்சைக்கு வழி திறக்கும் சூசெரா கான்ஃபெர்ட்டா புழு அசாம் விவசாயிகளுக்கு வேண்டிய விருந்தாளி.

அந்தப் புழு எல்லாத் தோட்டத்துக்கும் வருவதில்லை. ஆகவே தண்டில் துளையிட்டு ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகளைச் செலுத்துகின்றனர். தண்டு பருக்காத இளமரம் இதைத் தாங்காமல் பட்டுப்போகலாம். முதலில் சில மரங்களில் மட்டும் செய்து, பிசின் படிவதைப் பார்த்தபின் மற்றவற்றுக்கு விரிவாக்குவதே விவேகம்.

அசாமில் வளரும் இந்த அகில் இனம் 1995 முதலும், அது சேர்ந்த அக்குலேரியா பேரினம் முழுவதும் 2005 முதலும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும். காட்டில் வெட்டியதன்று, தோட்டத்தில் வளர்த்தது என்பதற்குச் சான்றும் வேண்டும். விதை எடுத்த தாய்மரம், நட்ட ஆண்டு, மர எண்ணிக்கை, பூஞ்சை செலுத்திய நாள் ஆகியவற்றை அறுவடைக் காலத்தில் புதிதாகத் தேடித் திரட்ட முடியாது. ஆகவே நாற்று விற்கும்போதே விதையின் மூலத்தை எழுதித் தருவதை நாற்றங்கால்கள் வழக்கமாக்க வேண்டும்.