காய்ந்த குட்டை காலியிடம் அன்று

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி. படையே நடுங்கும்போது, கொல்லையில் துணி உலர்த்தச் செல்லும் நம் தாய்மார்கள் நடுங்குவதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும் அச்சம் வேறு; அறியாமை வேறு. அச்சம் நம்மைக் காக்கும். அறியாமையோ நம்மையும் காக்காது. பிற உயிர்களையும் வாழ விடாது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறு குட்டைகளையெல்லாம் மண் கொட்டித் தூர்த்துவிட வேண்டுமென்று இன்று பலரும் பேசுகின்றனர். தூர்க்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாங்கள் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரே தெருவில் வாழும் பத்தாம் வகுப்பு மாணவியர் மூவர். எங்களுள் ஒருத்தியின் வீட்டுக் கொல்லையில், தென்னைக்கும் வாழைக்கும் நடுவே ஒரு குட்டை உண்டு. முன்பு வீடு கட்ட மண் எடுத்த பள்ளம் அது என்று பாட்டி சொல்வார்கள். மழை நீரே அதற்கு ஆதாரம். வரும் கோடையில் அது வற்றியதும் தூர்த்துவிட்டு, வண்டி நிறுத்தக் கொட்டகை போடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் எண்ணுகின்றனர். "காய்ந்து கிடக்கிற பள்ளம்தானே, அதனால் யாருக்கு என்ன நட்டம்?" என்பது மாமாவின் கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

சென்ற சித்திரை முதல் இந்த மாசி வரை, மாலைதோறும் கால்மணி நேரம் குட்டையருகே அமர்ந்து, கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். நாங்கள் குறிப்பெழுதத் தொடங்கியபோது குட்டையில் ஒரு சொட்டு நீரும் இல்லை. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வேலியில் தலை சிவந்த ஆண் ஓணான் ஒன்று தலையை ஆட்டியபடி இருந்தது. அது நம்மை ஏளனம் செய்வதாக நினைத்துச் சிறுவர்கள் கல்லெறிவார்கள். உண்மையில் அது இனப்பெருக்கக் காலத்தில் அதற்கு வரும் நிறம். தலையாட்டுவதோ "இது என் இடம்" என்று மற்ற ஓணான்களுக்கு அறிவிப்பது. நமக்கும் அதற்கும் யாதொரு வழக்கும் இல்லை.

வைகாசியில் ஒரு நாள் இடியுடன் கோடை மழை கொட்டியது. மறுநாள் மாலை, வெடித்துக் கிடந்த அந்தச் சேற்றிலிருந்து ஓர் ஆமை தலை நீட்டியது. சற்று நேரத்தில் அதன் முழு உடலும் வெளிவந்தது. அது பால் ஆமை. ஓட்டின் அடிப்புறத்தில், பின்னங்கால்களை மூடிக்கொள்ளும் மடல்கள் அதற்கு உண்டு. நீர் வற்றும்போது இவ்வாமை வேறிடம் தேடி ஓடுவதோடு நில்லாது, சேற்றுக்குள் புதைந்து உறங்கியும் கோடையைக் கழிக்கும். மழை வந்ததும் எழும். நாங்கள் ஒரு மாதமாக வெறும் பள்ளம் என்று பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஓர் உயிர் மூச்சடக்கிக் காத்திருந்தது! காய்ந்த குட்டையில் மண் கொட்டினால் இழப்பில்லை என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். உறங்குகிற உயிரின் மேல் நாம் மண்ணைக் கொட்டுகிறோம். இவ்வாமையோ 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் உயிர். அதனைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதுங்கூடக் குற்றமாகும்.

ஐப்பசி அடைமழையில் குட்டை நிரம்பியது. அன்றிரவு தவளைகளின் கச்சேரியில் யாருமே உறங்கவில்லை. பழுப்பும் பச்சையுமாக இருக்கும் பெரிய தவளைகளில், ஆண்கள் மட்டும் மஞ்சள் பூசிக் குளித்தவை போல் மாறின. தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் ஊதி எழுந்தன. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து இத்தவளைகளின் கால்கள் வெளிநாட்டாரின் உணவுக்காக ஏற்றுமதியாயின. பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் தவளைகள் குறைந்து வருவதை உணர்ந்து, 1987-இல் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது.

"தவளை தன் வாயால் கெடும்" அல்லவா? தவளை வந்ததும் பாம்பும் வந்தது. கார்த்திகையில் தண்ணீர்ப் பாம்பு ஒன்றைப் பலமுறை கண்டோம். உடலெங்கும் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள். நீருக்கு மேல் தலை மட்டும் தெரியும். அதற்கு நஞ்சு இல்லை. மிதித்தால் சீறும், கடிக்கவும் செய்யும்; ஆனால் அக்கடியால் உயிர் போகாது. மீனும் தவளையும் அதன் உணவு. அதே மாதத்தில், நீருக்கு மேலே தாழ்ந்திருந்த கிளையில் மரத்தவளை வெண்ணுரை போன்ற கூடொன்றைக் கட்டியது. சில நாட்களில் அந்நுரையிலிருந்து குஞ்சுகள் நேரே நீரில் விழுந்து தலைப்பிரட்டைகளாக நீந்தின. மார்கழியில் உள்ளான் ஒன்று வந்து, வாலை ஓயாமல் ஆட்டியபடி கரைச் சேற்றைக் கொத்தியது. இமயத்திலும் அதற்கும் வடக்கே குளிர் நாடுகளிலும் பிறக்கும் பறவை அது. இருபதடிப் பள்ளத்தை நம்பி அவ்வளவு தொலைவு வந்த அவ்விருந்தாளிக்கு அடுத்த ஆண்டு நாம் எதனைக் காட்டுவோம்? சிமெண்டுத் தரையையா?

இனி, தூர்க்க வேண்டும் என்போர் கூறும் காரணங்களை ஆராய்வோம்.

முதலாவது, கொசு. குட்டை இருந்தால் கொசு பெருகும் என்கின்றனர். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும் என்பது உண்மையே. ஆனால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு விரும்பும் இடம் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத தொட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவையே. அங்கு கொசுப்புழுவைத் தின்ன எதுவும் இல்லை. உயிருள்ள குட்டையிலோ சிறு மீன்கள் இருக்கின்றன. தட்டானின் புழுக்கள் இருக்கின்றன. தட்டான் தன் இளமைக் காலத்தை நீருக்குள் கழித்துக் கொசுப்புழுக்களைத் தின்கிறது. சிறகு முளைத்த பின் பறந்து கொசுக்களையே பிடிக்கிறது. "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று மட்டும் அறிந்திருந்த நாம், அதன் உழைப்பையும் அறிய வேண்டும். அகற்ற வேண்டியது வீட்டைச் சுற்றியுள்ள குப்பையை; குட்டையை அன்று.

இரண்டாவது, நீர். 2003-ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பணம் செலவழித்துக் குழி தோண்டி, கல்லும் மணலும் இட்டு மழையை நிலத்துக்குள் அனுப்புகிறோம். முன்னோர் தோண்டி வைத்த குழியைப் பணம் செலவழித்தே மூடவும் செய்கிறோம். இது என்ன கணக்கு?

மூன்றாவது, பாம்பு. இதுவே பெரிய காரணம். இதனை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தவளையைத் தேடி நல்ல பாம்பும் குட்டைக்கு வரக்கூடும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் குட்டையைத் தூர்த்துவிட்டால் பாம்பு ஊரை விட்டே போய்விடுமா? விறகுக் குவியலும், குப்பை மேடும், அவற்றில் எலியும் உள்ளவரை அது வரத்தான் செய்யும். நம் நாட்டில் மிகுதியான உயிரிழப்புக்குக் காரணமானவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் நஞ்சற்றவை. சாரை எலியைத் தின்று உழவனுக்கு உதவுகிறது. சாரையும் நாகமும் பிணையும் என்பது வெறும் கதை. பின்னிப் பிணைந்து எழும் இரண்டு பெரும்பாலும் வலிமை காட்டிப் போரிடும் ஆண் சாரைகளே. "அரணை கடித்தால் மரணம்" என்பதும் அத்தகையதே. அரணைக்கு நஞ்சே கிடையாது.

ஆகவே அடிப்பதற்குக் கோலை எடுப்பதற்கு முன், அறிவைக் கையில் எடுப்போம். குட்டையைச் சுற்றிப் புல்லை வெட்டி வைப்போம். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலி அமைப்போம். இரவில் விளக்கின்றிக் கொல்லைக்குச் செல்லாதிருப்போம்; பொந்துகளில் கைவிடாதிருப்போம். பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் விலகி நின்று, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிப்போம். ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும், மந்திரிப்பதும் வேண்டா. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108 வண்டியில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். நஞ்சுமுறி மருந்து அங்குதான் உண்டு. அம்மருந்து எதிலிருந்து கிடைக்கிறது? பாம்பின் நஞ்சிலிருந்தே! மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் இருளர் மக்கள் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து அவற்றை மீண்டும் காட்டில் விட்டு வந்துள்ளது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பள்ளிப் படிப்பால் அன்றி, பார்த்துப் பார்த்துப் பெற்ற அறிவுக்குக் கிடைத்த சிறப்பு அது.

ஊரே கூடி உயிர்களைக் காத்த சான்றுகளும் நம் தமிழகத்தில் உண்டு. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவ்வூர்க் குழந்தைகளுக்கு மட்டும் மத்தாப்பின் மேல் ஆசையிராதா? பட்டாசையே விட்டுக்கொடுக்கும் சிறுவர்கள் இருக்கும் நாட்டில், ஒரு வண்டிக் கொட்டகையைப் பத்தடி தள்ளிப் போட நம்மால் இயலாதா? கொல்லையில் அதற்கு இடம் இருக்கிறது. நாங்கள் அளந்தும் பார்த்துவிட்டோம்.

பெற்றோர்களே, பெரியோர்களே! உங்கள் வீட்டுக் குட்டையின் விதியைத் தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது; எங்களுடையது அன்று. ஆனால் மண் வண்டியை வரவழைக்கும் முன், ஒரு மழைக்காலம் மட்டும் அதன் கரையில் அமர்ந்து பாருங்கள் என்று பணிவுடன் வேண்டுகிறோம். அருமைத் தோழியரே! உங்கள் கொல்லையில் குட்டை இருப்பின் இன்றே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். பிடிக்க வேண்டா, தொட வேண்டா, வளர்க்கவும் வேண்டா; பார்த்தால் மட்டும் போதும். எதையும் அறிந்த பின் அழிக்க மனம் வராது. நீர் வற்றினாலும் குட்டை வெறும் பள்ளம் ஆகிவிடுவதில்லை. அது அடுத்த மழைக்காகக் காத்திருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவியர்