கயிறு கட்டி விட்டது யார்?

“இந்தக் காலத்துப் பையன்களுக்கு என்ன தெரியும்?”

நெல்லை ஜங்ஷனிலும் பாளை பஸ் ஸ்டாண்டிலும் தினமும் காதில் விழுகிற பேச்சு இது. முன்பு “சினிமா பார்த்துக் கெடுகிறான்” என்றார்கள். இப்போது “செல்போனை நோண்டுகிறான்” என்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர்க் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1908 மார்ச் 12-ந்தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் நெல்லை கொதித்தது. இந்துக் கல்லூரி மாணவர்களும் தெருவுக்கு வந்து விட்டார்கள். கோர்ட்டு, தபால் ஆபீஸ், போலீஸ் நிலையம் எல்லாம் தீக்கிரை. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் பலி. கலெக்டர் குதிரையில் வந்தால் அப்பன்மார் கும்பிட்டு ஒதுங்கிய காலம். பிள்ளைகள் கண்ணுக்கு அவர் வெறும் வெள்ளைக்காரன்!

1965-ல் படித்தவர்களுக்கு வெள்ளைக்காரன் ஞாபகமே இல்லை. அவர்கள் பார்த்தது டெல்லியை. இந்தி எதிர்ப்பில் காலேஜ்கள் காலியாயின. சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போன பெரியவர்களுக்குத் திகைப்பு. நம்ம சர்க்காரை நாமே எதிர்ப்பதா? 2 வருஷம்தான். 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர்.

1972-ல் பாளையில் போலீஸ் தடியடி. சவேரியார் கல்லூரி மாணவர் லூர்துநாதன் தாமிரபரணியில் உயிரை விட்டார். பாளையில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்த வழியே தினமும் பஸ்சில் போகிறவர்களில் எத்தனை பேர் அது யார் என்று கேட்டிருப்பார்கள்?

2017 ஜனவரியில் காளைக்காகக் கூடினார்கள். தலைவர் என்று ஒருவரும் இல்லை. செல்போன்தான் தலைவர்! அந்தச் சூடு ஆறுமுன் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வியாபாரிகள் சங்கமே அறிவித்தது. பெட்டிக்கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாளே, கங்கைகொண்டான் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தரத் தடையில்லை என்று ஐகோர்ட்டு மதுரைக் கிளை சொல்லி விட்டது. அது வேறு கதை.

ஆக, பையன்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது சுத்தப் பொய். அப்பன் பார்க்காததை மகன் பார்த்திருக்கிறான். ஒன்றே ஒன்றில்தான் அப்பன் கண்ணும் மகன் கண்ணும் ஒன்றாக இருக்கிறது. அது சாதி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12-ம் வகுப்பு மாணவனுக்கு வீடு புகுந்து அரிவாள் வெட்டு. தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பிடிபட்டது கூடப் படித்த பையன்கள்! ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு விசாரித்து, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் கலர் கலராகச் சாதிக் கயிறு கட்டி வரக் கூடாது என்று அதில் இருக்கிறது.

நல்ல யோசனைதான். ஆனால் இந்தக் கயிறு பையன் மூளையில் உதித்ததா? இன்ன கலர் நம்ம கலர் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததுதானே? கோவில் கொடை நோட்டீசில் பொடியன்கள் போட்டோவைப் போட்டு, பேருக்குப் பின்னால் சாதியை ஒட்டி அச்சடிக்கப் பணம் தருவது எந்த மாணவன்?

கயிற்றை அவிழ்க்க வாசலில் வாத்தியாரை நிறுத்தலாம். காலேஜ் அட்மிஷனுக்குக் கூடவே வருகிற தகப்பனார் கையிலும் அதே கலர் கயிறு இருந்தால், அதை யார் அவிழ்ப்பது?