கூண்டு காலி, கோழி மரத்தில்

கொல்கத்தாவில் டிசம்பர் மாதம் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. ஆபீஸ் போனவர்கள் வீடு திரும்புவதற்குள் கரியா, பெஹாலா பக்கத்துக் கொல்லைகளில் கோழிகள் அடைந்துவிடும். மாதக்கணக்கில் ஒரே கூண்டில் அடைந்த கோழி ஒரு நாள் கூண்டைத் திரும்பிப் பார்க்காமல் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டால் வீட்டுக்காரிக்குத் திகைப்பு. பிடித்து உள்ளே தள்ளுகிறார். மறுநாளும் மரம்தான். கோழிக்குக் கொழுப்பு என்று முடிவுகட்டுவது சுலபம். ஆனால் அது காரணமில்லாமல் படுக்கையை மாற்றுவது அபூர்வம்.

மரம் அதற்குப் பிறந்த வீடு. இதைத் துப்புத் துலக்கியதில் கல்கத்தாவுக்கும் பங்கு உண்டு. 1841 முதல் 1862 வரை ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர் எட்வர்ட் பிளைத். சம்பளம் போதாமல் தவித்தாலும் டார்வினுக்குத் தாராளமாகக் கடிதம் எழுதினார். நாட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே என்று 1868இல் டார்வின் எழுதியபோது பிளைத்தின் கருத்தும் அதற்குத் துணை நின்றது. (மஞ்சள் தோல் மட்டும் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழி கொடுத்த சீதனம் என்பது 2008இல் தெரியவந்தது.) காட்டுக்கோழி இரவில் மரக்கிளையில்தான் அடையும். கூண்டு மனிதன் செய்த ஏற்பாடு. அதில் வசதி குறைந்தால் பழைய வழக்கம் தலைதூக்குகிறது.

வசதியைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி செள்ளு. பகலில் கூண்டைச் சோதித்தால் அகப்படாது. பலகை இடுக்கிலும் மூங்கில் பிளவிலும் பதுங்கியிருந்து, இருட்டியதும் வந்து இரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். பசித்திருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பின் சிவப்பு. வங்கத்தின் புழுக்கத்தில் பத்து நாட்களுக்குள் புதுத் தலைமுறை தயார். கோழி இல்லாத கூண்டில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைத்திருக்கும். முட்டை குறைவது, கொண்டை வெளுப்பது எல்லாம் பிறகுதான். கூண்டுக்குள் போக மறுப்பதே முதல் புகார். அப்படிப்பட்ட கோழியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது எதிரியோடு சேர்த்துப் பூட்டுவதற்குச் சமம். அடைகாக்கும் கோழி என்றால் முட்டையை விட்டு எழாமல் சோகை பிடித்துச் செத்தும் போகலாம்.

இரவில் டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் போதும். சிவப்புக் கறை பட்டால் சந்தேகமில்லை. இடுக்குகளில் கொதிநீர், சுண்ணாம்பு, கூடைக்கு நல்ல வெயில். ஒருமுறை செய்தால் போதாது. வாரம் தவறாமல் சில முறை செய்ய வேண்டும்.

செள்ளு இல்லையென்றால் இரவு விருந்தாளியைத் தேட வேண்டும். நகரம்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது. டோலிகஞ்ச் கிளப் மைதானத்தில் நரி உண்டு. கந்தகோகுல் என்று வங்காளிகள் சொல்லும் மரநாய் ஓட்டு வீட்டுப் பரணில் குடியிருக்கும். எலியே போதும், தூக்கத்தைக் கெடுக்க. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. வந்தது யார் என்று பார்த்திருக்காது, எங்கே வந்தது என்பதை மறக்காது. ஆனால் மரநாய் மரமேறும் என்பதால் கொய்யா மரமும் காப்பாற்றப்போவதில்லை.

சில சமயம் காரணம் உள்வீட்டு அரசியல். யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை கோழிகளிடம் இருப்பதை 1920களின் தொடக்கத்தில் நார்வேக்காரர் ஷெல்டெருப் எபே விவரித்தார். புதுக்கோழி ஒன்று வந்தால் வரிசை கலையும், தோற்றது வெளியேறும். குஞ்சு பொரித்தவள் தரையிலேயே படுப்பதும், குஞ்சுகளுக்கு இறக்கை வளர்ந்ததும் மேலே ஏறுவதும் இயல்பு.

கவலைப்பட வேண்டியது எதிர்த்திசை மாற்றத்துக்குத்தான். தினமும் மேலே ஏறிய கோழி, குஞ்சும் இல்லாமல் அடையும் இல்லாமல், தரையில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தால் காலில் அடி இருக்கலாம், நோயும் இருக்கலாம். 2008 ஜனவரியில் பீர்பூம், தெற்கு தினாஜ்பூர் மாவட்டங்களில் தொடங்கிய பறவைக் காய்ச்சல் மேற்கு வங்கத்தில் பரவியபோது முப்பது லட்சத்துக்கும் அதிகமான கோழிகள் கொல்லப்பட்டன. அவற்றில் ஏராளமானவை ஏழைப் பெண்கள் கொல்லையில் வளர்த்தவை. அடுத்தடுத்து இரண்டு மூன்று கோழிகள் சுருண்டால் குழம்பு வைக்க நினைக்காமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

மற்றபடி, கூண்டு சுத்தமான பிறகு கோழியைத் துரத்த வேண்டியதில்லை. நன்றாக இருட்டிய பின் மரத்திலிருந்து மெதுவாக எடுத்துக் கழியில் வைத்தால் முரண்டு பிடிக்காது. நாலைந்து இரவுகளில் தானாகவே வந்து அடையத் தொடங்கும்.